சுருளிப்பட்டியின் ஸ்ராங்கு

வெள்ளிக்கிழமை இருட்டு விலகும் முன்பே நாகர்கோவிலில் மதுரைப் பேருந்து ஏறிவிட்டேன். ஜூன் மாதக் கடைசி. கேரளக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் படகு கொச்சியில் கட்டிக் கிடந்தது. நான் குளச்சல் பக்கத்தில் என் வீட்டில் சும்மா கிடந்தேன். அப்போதுதான் பாண்டி போனில் கூப்பிட்டான். அவன் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. சுருளிப்பட்டியில். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்றான்.

பாண்டி எங்கள் படகின் சமையல்காரன். நான் ஸ்ராங்கு. படகை ஓட்டுகிறவரைக் கொச்சித் துறைமுகத்தில் அப்படித்தான் சொல்வோம். கடலே இல்லாத கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவன் எப்படி ஆழ்கடல் படகுக்கு வந்தான் என்று எங்கள் ஆட்கள் முதலில் வேடிக்கையாகக் கேட்டார்கள். குமுளி ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் அவன். மலையாளம் பேசப் பழகி, கோட்டயம் வந்து, அங்கிருந்து கொச்சிக்கு இறங்கியவன். அவன் வைத்த மீன்குழம்பை ஒரு தடவை சாப்பிட்ட பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மதுரை அரப்பாளையத்தில் கம்பம் பேருந்து கிடைத்தது. கட்டணம் தொண்ணூற்றைந்து ரூபாய், தூரம் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் என்று நடத்துநர் சொன்னார். உசிலம்பட்டி வரை வெயில். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் யாரோ கதவைத் திறந்துவிட்டது போலக் காற்று அடித்தது. காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் கரையில் படகுகளைக் கட்டிப்போட வைத்த அதே பருவக்காற்றுதான் மலையைத் தாண்டி இங்கே இறங்குகிறது என்பது புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

தேனியில் பக்கத்து இருக்கைக்கு ஒரு விவசாயி வந்து உட்கார்ந்தார். மடியில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. மார்க்கையன்கோட்டைக்காரர், சின்னமனூரில் இறங்கி மாற வேண்டும். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கரையே தெரியாத இடத்தில் வழி எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு என்றுமே அலுத்ததில்லை.

ஸ்ராங்கு நிற்கும் அறையில் டிவி மாதிரி ஒரு திரை இருக்கும் என்று தொடங்கினேன். அதில் கடலின் வரைபடம். எங்கே எத்தனை ஆழம், எங்கே பாறை, எது கப்பல் போகும் பாதை, எல்லாம் அதில் உண்டு. செயற்கைக்கோளைக் கொண்டு, நம் படகு இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று அந்தப் படத்திலேயே சின்னதாகக் காட்டும். போக வேண்டிய இடத்தைத் தொட்டால் கோடு போட்டுத் தரும். இதை பிளாட்டர் என்கிறோம். ஆனால் வரைபடம் என்பது யாரோ முன்பே அளந்து வைத்தது. இப்போது எதிரே வருகிற கப்பல் அதில் இருக்காது. அதற்குத்தான் ரேடார். அது அறைக்கு மேலே சுற்றிக்கொண்டே அலைகளை அனுப்பும்; எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைப் புள்ளியாகப் போடும். இரண்டையும் ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். படத்திலுள்ள கரையும் ரேடார் காட்டும் கரையும் ஒட்டிக்கொண்டால் நாம் இருக்கும் இடம் சரி. படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால், அது என்னவென்று கண்டுபிடிக்கும் வரை ஸ்ராங்குக்குத் தூக்கமில்லை.

"அப்ப கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொல்லுங்க" என்றார் அவர்.

மழை வந்தால் திரை முழுக்க அப்பிக்கொள்ளும், சின்ன வள்ளங்கள் பல நேரம் தெரியவே தெரியாது, அதனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளத்தான் ஸ்ராங்குக்குச் சம்பளம் என்றேன். அவர் தலையாட்டினார். சின்னமனூரில் இறங்கும்போது, வீட்டில் போய் இதைச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். வலப்பக்கம் கேரளத்து மலை, இடப்பக்கம் மேகமலை. நடுவே வயலும் தென்னையும் வாழையும். மலை உச்சிகள் எதுவும் தெரியவில்லை. மேகம் அவற்றை மூடிக்கொண்டு, பாதி மலையோடு நின்றது. வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் இருந்தன.

மூன்று மணிக்குக் கம்பம் பேருந்து நிலையத்தில் பாண்டி காத்திருந்தான். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. படகில் அரைக்கால் சட்டையோடு பார்த்த ஆள் வேறு மாதிரி இருந்தான். என் பையை வாங்கி வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டான். ஊரைத் தாண்டிச் சுருளி சாலையில் கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தினான். இறங்காமலே, திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"அண்ணே, ஒரு விசயம். இங்கன எல்லாரும் நான்தான் ஸ்ராங்குனு நெனைச்சுக்கிட்டு இருக்காக."

படகில் அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. மெல்ல மெல்லச் சொன்னான். பெண் கேட்கப் போனபோது மாமனார் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். ஏற்கெனவே ஓட்டலில் சட்டி கழுவியவன் என்ற பேச்சு ஊரில் இருந்தது. மறுபடியும் அடுப்படி என்று சொல்ல வாய் வராமல், படகு ஓட்டப் பழகுவதாகச் சொல்லிவிட்டான். அவன் சொன்னது அவ்வளவுதான். மாமனார் அதை ஊருக்குச் சொல்லும்போது மருமகன் கம்ப்யூட்டரையும் ரேடாரையும் வைத்து அரபிக் கடலையே அளக்கிறவன் ஆகிவிட்டான். பிறகு அதை இறக்கி வைக்க வழியில்லை.

"அப்போ நான் யாரு?" என்று கேட்டேன்.

"உங்களைச் சமையலுனு சொல்லிட்டேன்ணே. ரெண்டு நாளைக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாதே என்றேன். அவன் தோளில் தட்டி, என் வாயிலிருந்து ஒரு சொல் வராது, தைரியமாக இரு என்றேன். அவன் முகத்தில் வந்த நிம்மதியை வண்டியின் கண்ணாடியில் பார்த்தேன்.

மாமனார் வேலுச்சாமியின் வீடு திராட்சைத் தோட்டத்தை ஒட்டியிருந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் படர்ந்த கொடி, கை நீட்டினால் எட்டும் உயரத்தில் கறுப்புக் குலைகள். பந்தலுக்கு அடியில் பகலிலும் பச்சை வெளிச்சம்தான். வேலுச்சாமி அறுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போடுகிற ஆள் என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நல்ல குலையாகப் பார்த்து வெட்டி, கழுவி, தட்டில் வைத்துக் கொடுத்தார். பாண்டியின் மனைவி செல்வி காப்பி கொண்டுவந்தாள். அன்று சாயங்காலம் எல்லாமே எனக்கு விளையாட்டாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வேலுச்சாமியின் தம்பி தங்கவேல் ஜீப் வைத்திருக்கிறார். தினமும் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கேரள எல்லை தாண்டி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வருபவர். பேச்சில் கெட்டிக்காரர். அவர் என்னைச் 'சமையலு' என்றே கூப்பிட்டார். சமையலு, இந்த பெஞ்சைப் பிடி. சமையலு, ஒரு வாய் சொல்லு, மீனுக்குப் புளி எத்தனை. எனக்குத் தெரியாத புளிக்கு வாயில் வந்த அளவைச் சொன்னேன்; பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியப் பந்தியில் பாண்டியை நடுவில் உட்கார வைத்தார்கள். என்னை அடுத்த பந்திக்கு இருக்கச் சொன்னார்கள். அதில் தப்பில்லை. வீட்டு மாப்பிள்ளை அவன்தான். ஆனால் சாப்பாட்டுக்கு நடுவில் பாண்டி என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும், அந்தச் சொம்பை எடுத்து வரச் சொன்னான். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான்.

இருபது வருடமாக ஸ்ராங்காக இருப்பவன் நான். அந்தச் சொம்பு என் கையைவிட்டுப் போன பிறகும் அதன் கனம் சாயங்காலம் வரை போகவில்லை.

ஐந்து மணிக்குத் தூறல் பிடித்தது. ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் பந்தலை ஒட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். இருட்டில் படகுக்கு எப்படி வழி தெரிகிறது என்று தங்கவேல் பாண்டியிடம் கேட்டார். வேலுச்சாமி மருமகனைப் பார்த்து, சொல்லுங்க மாப்ளை என்பது போலத் தலையை அசைத்தார். பாண்டி என் போனைக் கேட்டான். மே மாதம் ஒரு பெருமழையில் மாட்டிக்கொண்டபோது நான் திரையை எடுத்து வைத்திருந்த வீடியோ அதில் இருப்பது அவனுக்குத் தெரியும். கொடுத்தேன்.

அவன் நன்றாகவே தொடங்கினான். இதுதான் நம்ம போட்டு, இந்தக் கோடு நாம போற வழி, இந்த வட்டம் தூரக் கணக்கு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினான். எல்லாரும் தலையைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு திரையின் ஓரத்தில் செக்கச்செவேலென்று பெரிய திட்டு ஒன்று நகர்ந்து வந்தது. அது என்ன என்று தங்கவேல் கேட்டார்.

பாண்டி ஒரு நொடிதான் தயங்கினான். "அதான் மீன் கூட்டம். ரேடார் தண்ணிக்குள்ள பாத்துச் சொல்லிரும். அங்கிட்டு போட்டைத் திருப்புனா அள்ளிறலாம்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கொட்டகையில் ரேடாரைப் பற்றித் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அது மீனாகவே இருந்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"அது மீன் இல்லை, மழை" என்றேன். "அங்கே திருப்பினால் படகு திரும்பி வராது. ரேடார் தண்ணீருக்குள்ளே ஒரு சாண்கூடப் பார்க்காது. அதற்கு வேறு கருவி இருக்கிறது."

பாண்டி என்னைப் பார்த்தான். தங்கவேல் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சமையலுக்கு இம்புட்டு வெவரம் தெரியுதே. அப்ப போட்டை ஓட்டுறது யாரு?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு சொல்லில் அதைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது அந்தச் சொம்பு மட்டும்தான்.

"நான்தான்" என்றேன். அதோடும் நிறுத்தவில்லை. "பாண்டி நல்லா சமைப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி அதை நிறுத்தி, போனைத் தன் வேட்டியில் துடைத்து, என்னிடம் கொடுத்தான். வேலுச்சாமி எழுந்தார். தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் நடந்தார். மோட்டார் ஓடும் சத்தம் எதுவும் அப்போது கேட்கவில்லை.

அதன்பிறகு என்னிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதுதான் கொடுமை. இரவுச் சாப்பாட்டுக்கு என்னை முதல் பந்தியில், பாண்டி உட்கார்ந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். தங்கவேல் இப்போது என்னை 'சார்' என்றார். பாண்டி பந்தி பரிமாறினான். என் இலைக்கு வந்தபோது சோறு போதுமா என்று மட்டும் கேட்டான். அன்று என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு முழுக்கப் பூவும் பரபரப்புமாக இருந்தது. நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். செல்வி காப்பியோடு வந்தாள். டம்ளரைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"எனக்குக் கல்யாணமான வருசமே தெரியும்ணே. கொச்சி ஆர்பர்ல இருந்து போன் பேசுறப்ப பின்னாடி தாளிக்கிற சத்தம் கேக்கும். அப்பாருக்கும் தெரியும்னுதான் நெனைக்கிறேன். ஒரு நாளும் அவுக கேட்டதில்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. எதையோ விளக்க வேண்டியிருக்கிறது என்பது போலப் பேசினாள்.

"தெரிஞ்சிருக்கிறது வேற. நாலு பேரு நடுவுல வச்சுக் கேக்குறது வேற. இனி அவுக கேக்காம இருக்க முடியாதுல்ல."

தப்புதான் தங்கச்சி என்றேன். காப்பி ஆறுது, குடிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காதுகுத்து ஊருக்கு வெளியே குலசாமி கோயிலில் நடந்தது. செல்வியின் அண்ணன் மடியில் குழந்தை மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுதவளைப் பாண்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வேலுச்சாமி வந்திருந்தார். பேத்தியின் தலையைத் தடவினார். மருமகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயிலுக்குப் பின்னால் மூன்று அடுப்பில் சமையல் நடந்தது. பந்தி தொடங்கும் நேரத்தில் தங்கவேல் பாண்டியைக் கூப்பிட்டார். "மாப்ளை, சாம்பாரு எப்படி இருக்குனு ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க. உங்க தொழிலுதான?" மெதுவான குரலில், மரியாதையாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். பாண்டி குழந்தையைச் செல்வியிடம் கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனான். கரண்டியில் கொஞ்சம் எடுத்துக் கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு பத்தல என்று சமையல்காரரிடம் சொன்னான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அதற்கு மேல் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

எப்படியாவது இதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. வேலுச்சாமி கை கழுவிவிட்டு வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். போய்ப் பேசினேன். அவரிடம் அப்போது நான் சொன்னது பொய்யில்லை. விடியலுக்கு முன்னால் நான் தூங்கும் நேரத்தில் திரைக்கு முன் உட்காருவது பாண்டிதான். அடுப்பு மூட்ட அவன் எப்படியும் எழுந்துவிடுவான் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. ரேடாரில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதற்குள் ஏதாவது புள்ளி வந்தால், அது மழையா கப்பலா என்று அவன் பார்க்க வேண்டியதில்லை, என்னை எழுப்பினால் போதும். நான்கு வருடத்தில் ஒரு நாளும் அவன் கண் அசந்ததில்லை. ஒரு தடவை அவன் எழுப்பியதால்தான் ஒரு சரக்குக் கப்பலுக்கு வழிவிட்டு ஒதுங்கினோம். படகில் உள்ள அத்தனை பேரும் அவனை நம்பித்தான் அந்த நேரத்தில் தூங்குகிறோம் என்றேன்.

அவர் முழுவதையும் கேட்டார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து ஒண்ணு சொன்னீக. இன்னைக்கு ஒண்ணு சொல்றீக. நான் ஊருக்கு எதைச் சொல்ல?"

நேற்றே இதைச் சொல்லியிருக்க முடியும். யார் ஓட்டுவது என்று கேட்டபோது, நானும் அவனும் மாறி மாறிப் பார்க்கிறோம் என்றிருந்தால் அது முழுப் பொய்யும் ஆகியிருக்காது. இன்று அதே உண்மை ஒரு விருந்தாளியின் சமாதானமாகிப் போயிற்று.

மதியம் புறப்பட்டேன். செல்வி ஒரு அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி இரண்டு கிலோ திராட்சை அடுக்கிக் கொடுத்தாள், அண்ணிக்கு என்றாள். பாண்டி வண்டியில் கம்பம் வரை கொண்டுவந்து விட்டான். சுருளி அருவியில் குளித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வேன்கள் எங்களைத் தாண்டிப் போயின. பேருந்து நிலையத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை பிடித்துத் தந்துவிட்டு வெளியே வந்து நின்றான். மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன்.

"விடுங்கண்ணே" என்றான். "நானும் உங்களைச் சொம்பு தூக்க விட்டிருக்கக் கூடாது."

அவன் அதைக் கவனித்திருக்கிறான். நான் செய்ததற்கு ஒரு காரணத்தையும் அவனே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். தடை முடிந்ததும் வருவாயா என்று கேட்டேன். வராம வேற எங்கண்ணே போக என்றான். பேருந்து கிளம்பும்வரை நின்றான்.

உத்தமபாளையம் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை. எங்கள் கரையில் யார் எந்தப் படகில் என்ன வேலைக்கு ஏறுகிறார் என்பதை ஊரே மணலில் நின்று பார்க்கும். அங்கே யாரும் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, சொல்லவும் முடியாது. இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை. கடலுக்குப் போன ஒருவன் திரும்பி வந்து என்ன சொல்கிறானோ அதுதான் கடல். பாண்டிக்கு இங்கே இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான். எனக்கோ படகு இருந்தது, திரை இருந்தது, இருபது வருடப் பெயர் இருந்தது. அதற்கு மேலும் ஒரு தகரக் கொட்டகையில் பதினைந்து பேர் முன்னால் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மதுரை வந்தது. யோசனை முடியவில்லை.

திங்கட்கிழமை காலை வீட்டில் என் மனைவி திராட்சைப் பெட்டியைத் திறந்தாள். வழியில் நசுங்கியது கொஞ்சம்தான். ஊரைப் பற்றிக் கேட்டாள். மலை, காற்று, பந்தல், மேகம் எல்லாம் சொன்னேன். விசேஷம் எப்படி நடந்தது என்றாள். நன்றாக நடந்தது என்றேன். இவ்வளவு பழம் கொடுத்துவிட்ட பெண்ணுக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா என்று என் போனை எடுத்துப் பாண்டி நம்பருக்கு அடித்தாள். என்னால் தடுக்க முடியவில்லை. செல்விதான் எடுத்தாள் போலிருக்கிறது. நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். குழந்தையின் காது வலி குறைந்ததா, எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு எல்லாரும் வரவேண்டும் என்றெல்லாம் என் மனைவியின் குரல் மட்டும் கேட்டது. எந்த நிமிடமும் அவள் குரல் மாறும் என்று காத்திருந்தேன்.

போனை வைத்துவிட்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நல்ல பிள்ளை. நீங்க கூட நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டீங்களாம். உங்களால அவங்க வீட்டுக்காரருக்கு ஊருல ரொம்பக் கௌரவமாப் போச்சுன்னு சொல்லுது."

அவள் கொண்டுவந்து நீட்டிய தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் நான் பாண்டிக்குச் செய்திருக்க வேண்டியதை, அவன் மனைவி எனக்குச் செய்துவிட்டாள். நான் கேட்கவுமில்லை.